களவு போன கருவிகளும் திருப்பித் தந்த உறையும்



2022ஆம் ஆண்டு எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றை எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அதில் என் பிழையும் அடங்கியிருப்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உதவி செய்யப் புறப்பட்ட ஆசிரியை ஒருத்தி அவ்வுதவியையே பாரமாக்கிய கதை அது. நம்மில் பலருக்கு இத்தகைய தருணம் என்றேனும் வாய்க்கும் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி கெடா மாநிலத்தில் உள்ளது. இங்கு வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையே வாரத்தின் முதல் பள்ளி நாள். செப்டம்பர் மாத இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கலைக்கல்விப் பாடம். என் வகுப்பில் ஒரு தச்சரின் மகன் படித்தான். கலைக்கல்வி என்றால் அவனுக்குக் கொண்டாட்டம். தந்தையின் கொட்டகையிலிருந்து பலகைத் துண்டுகளைப் பை நிறையக் கொண்டுவந்து எல்லாருக்கும் பகிர்ந்தளிப்பான். அன்று வெறுங்கையோடு வந்தான். ஏனென்று கேட்டேன்.

"அப்பாவோட சாமான் எல்லாம் போயிருச்சு டீச்சர்," என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை அவன் வீட்டிற்குச் சென்றேன். வெள்ளிக்கிழமை இரவு கொட்டகையின் பூட்டை அறுத்து உள்ளே நுழைந்திருக்கிறார்கள். பலகைகளைத் தொடவில்லை. கையில் தூக்க முடிந்த கருவிகள் அனைத்தையும் அள்ளிச் சென்றுவிட்டார்கள். மின்சாரத்தில் இயங்கும் வட்ட ரம்பம், இரண்டு டிரில்கள், இழைக்கும் இயந்திரம், அவற்றோடு உளிகள், சுத்தியல்கள், இழைப்புளி, மூலைமட்டம், ரசமட்டம் என எல்லாம் போயின. புதிதாக வாங்கினால் ஏறக்குறைய 9,000 வெள்ளி ஆகும் என்றார்.

தீபாவளி அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள். புது வீட்டுக்காரர்களும் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களும் சமையலறைக் கேபினெட்டைத் தீபாவளிக்குள் முடித்துத் தரும்படி கேட்கும் காலம் அது. தச்சருக்கு ஆண்டின் அறுவடைக் காலம் என்றே சொல்லலாம். அவர் மூன்று வீட்டு வேலைகளை ஒப்புக்கொண்டு, மூவரிடமும் சேர்த்து 5,000 வெள்ளி முன்பணம் பெற்றிருந்தார். அந்தப் பணம் முழுவதும் ஒட்டுப்பலகைகளாக மாறிக் கொட்டகையில் அடுக்கியிருந்தது. பலகை இருக்கிறது, வேலை இருக்கிறது, கைத்திறனும் இருக்கிறது. அறுக்க ஒரு ரம்பம் இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் ஓர் உறையைச் சுற்றுக்கு விட்டேன். 640 வெள்ளி சேர்ந்தது. சக ஆசிரியை ஒருவர் அரிசி, எண்ணெய், மாவு, பால்டின் என மூன்று பை நிறைய மளிகைப் பொருள்கள் வாங்கி வந்தார். செவ்வாய்க்கிழமை காலை வகுப்பிலேயே அம்மாணவனை முன்னே அழைத்து அவற்றைக் கொடுத்தோம். மாணவர்கள் கைதட்டினார்கள். யாரோ படம் எடுத்தார்கள். நற்செயலைப் பிறரும் பின்பற்றட்டும் என்னும் நோக்கில் அப்படம் வகுப்புப் பெற்றோர்களின் புலனக் குழுவிலும் ஏறியது. அதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாகத்தான் இருந்தது.

அன்று மாலையே தச்சர் பள்ளிக்கு வந்தார். மூன்று பைகளையும் மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கி என் முன்னே வைத்தார். அவற்றின்மேல் உறையை வைத்தார்.

"கோபம் இல்ல டீச்சர். நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா எங்க வீட்ல அரிசி இருக்கு. எனக்குப் பசி இல்ல. வேலை செய்யச் சாமான்தான் இல்ல. பையன் இனிமே ஸ்கூலுக்கு வர மாட்டேங்குறான்."

என்னிடம் பதில் இல்லை. அவர் தயங்கி நின்று இன்னொன்றையும் சொன்னார். முன்பணம் கொடுத்த மூவரில் ஒருவர் எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார். புலனக் குழுவில் படத்தைப் பார்த்த அவர், தச்சர் நொடித்துப்போய்விட்டார், இனி வேலை நடக்காது என்று பயந்து, தம் 1,500 வெள்ளியைத் திருப்பிக் கேட்டுவிட்டாராம். அன்று பகலில் வேறொருவர் தச்சரைத் தேடி வந்து, உடனே 5,000 வெள்ளி கடன் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் எத்தகையவர் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆலோங்கிடம் சிக்கிய குடும்பங்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

திருடர்கள் கருவிகளைக் கொண்டுபோனார்கள். இவருடைய தொழிலை நம்பலாம் என்று ஊர் வைத்திருந்த நம்பிக்கையை அவர்கள் தொடவில்லை. அதைக் குலைத்தது என் படம்.

திருக்குறளில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23ஆம் அதிகாரம் ஈகை. ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் குறள் கற்பிக்கிறோம். இரண்டையும் 'உதவி செய்தல்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டுக் கடந்துபோகிறோம். வள்ளுவர் ஏன் தனித்தனியே வைத்தார் என்பதை அன்றிரவுதான் எண்ணிப் பார்த்தேன். ஈகை, இல்லாதவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவு, சேர்ந்து வாழ்கின்றவர்கள் ஒருவருக்கொருவர் பயன்படுவது. ஒன்றில் கொடுப்பவர் மேலும் பெறுபவர் கீழுமாக இருப்பார்கள். மற்றொன்றில் இருவரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். நான் ஒப்புரவு வேண்டிய இடத்தில் ஈகையை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை மாலை மீண்டும் அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். பிறகு முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணே, நாளைக்கே வேலையைத் தொடங்கணும்னா எது எது வேணும்?"

அவர் சற்று யோசித்தார். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகளாகக் கோடிட்டேன். நாளை வேண்டியவை, இம்மாதம் வேண்டியவை, பிறகு வாங்கலாம் என்பவை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சற்று நேரத்தில் அறைக்குள்ளிருந்து பையன் வந்து எங்கள் அருகில் உட்கார்ந்தான். தந்தை மறந்தவற்றை அவன் நினைவூட்டினான். "சின்ன உளி, கைப்பிடி உடைஞ்சது, டேப் சுத்தி வச்சது" என்றான். "பச்சை டிரில்லோட பெட்டி மட்டும் நம்ம வீட்டுக் கட்டிலுக்குக் கீழே இருக்கு" என்றான். மொத்தம் 31 பொருள்கள். அவற்றுள் முதல் பத்தியில் நின்றவை ஐந்தே ஐந்து: வட்ட ரம்பம், ஒரு டிரில், இழைப்புளி, ஒரு தொகுதி உளிகள், மூலைமட்டத்தோடு அளவு நாடா. 9,000 வெள்ளி என்று மலைபோல் நின்றது ஐந்து பொருள்களாகச் சுருங்கியதும் அவருடைய முகத்தில் தெளிவு வந்தது. பணமெதுவும் கைமாறாமலே கிடைத்த முதல் ஆறுதல் அதுதான் என நினைக்கிறேன்.

அவர் அதுவரை போலீசில் புகார் செய்யவில்லை. "என்னத்தக் கண்டுபிடிக்கப் போறாங்க" என்பது அவர் எண்ணம். பலருடைய எண்ணமும் அதுதான். ஆனால் புகார் இல்லையென்றால், நாளை வேறொரு வழக்கில் அக்கருவிகள் பிடிபட்டாலும் அவை யாருடையவை என்று சொல்ல ஆளிராது. வாடிக்கையாளர்களிடம் காட்டவும், கடனுக்கு விண்ணப்பிக்கவும் அந்தத் தாள் பயன்படும். நம் நாட்டில் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம். இரவில் பூட்டை உடைத்துப் புகுந்து திருடுவது குற்றவியல் சட்டத்தின் 457ஆம் பிரிவின்கீழ் வருகிறது. நாங்கள் எழுதிய பட்டியலைக் கொண்டுசென்று புகார் செய்தார். விசாரணை அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "சீரியல் நம்பர் இருக்கிறதா?" கட்டிலுக்கு அடியிலிருந்த பச்சை டிரில்லின் பெட்டியில் ஒட்டியிருந்த ஓர் எண்ணைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்த ஓர் எண்ணையும் தந்தவன் பையன்தான்.

அடுத்தது கருவிகள். பணம் திரட்டுவதை விட்டுவிட்டு, இரவல் கேட்கத் தொடங்கினேன். எங்கள் மாணவி ஒருத்தியின் தாத்தா முன்பு தச்சு வேலை செய்தவர். மூட்டு வலியால் ஓய்ந்திருந்தார். அவரிடம் இழைப்புளியும் உளிகளும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் கிடந்தன. "துருப்பிடிச்சுச் சாகறதுக்கு ஒருத்தர் கையில இருக்கட்டும்" என்று எடுத்துத் தந்தார். பள்ளிக்கு மின்கம்பி வேலைக்கு வரும் ஒருவர் தம்முடைய இரண்டாவது டிரில்லைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் கொடுத்தவரின் பெயரைத் தச்சரே ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொண்டார். இரவல் வாங்குவதில் அவருக்குக் கூச்சமில்லை. தொழிலாளிகளுக்குள் வழக்கமாக நடப்பதுதானே!

வட்ட ரம்பம் மட்டும் கிடைக்கவில்லை. அதற்கு எங்கள் தலைமையாசிரியர் ஒரு வழி சொன்னார். பள்ளி வாசிப்பு மூலைக்குப் புத்தக அடுக்குகள் வேண்டுமென்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் முன்பே பேசப்பட்டு, ஆள் கிடைக்காமல் கிடப்பில் இருந்தது. "அவரிடமே கொடுப்போமே," என்றார். சங்கத்தின் செயலவை கூடி, நான்கு அடுக்குகளுக்கு 1,800 வெள்ளி, பாதி முன்பணம் என்று முடிவெடுத்துக் குறிப்பில் பதிவு செய்தது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்ட அம்மையாருக்காக வாங்கிய பலகைகள் சும்மாதான் கிடந்தன. அவை எங்கள் அடுக்குகளுக்குப் போதுமானவையாக இருந்தன. ஆகவே, 900 வெள்ளி முன்பணத்தில் ரம்பம் வாங்க முடிந்தது. எஞ்சியதில் ஒரு பகுதியை அவ்வம்மையாருக்குக் கொடுக்கவும் முடிந்தது.

அதே 640 வெள்ளி உறை என் மேசையில்தான் இருந்தது. கொடுத்தவர்களிடம் விவரத்தைச் சொல்லி அவரவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சிலர் வருந்தினார்கள். ஒருவர் மட்டும், "அப்படியானால் என் வீட்டுக் கதவு தேய்கிறது, அவரை வரச் சொல்லுங்கள்," என்றார். அடுத்த வாரத்திற்குள் அந்த ஆசிரியர் அறையிலிருந்தே மூன்று சிறு வேலைகள் அவருக்குக் கிடைத்தன.

அவ்வம்மையாரைப் பற்றியும் நான் நியாயமாக எழுத வேண்டும். அவர் கெட்டவர் அல்லர். தொழிற்சாலையில் வேலை செய்து சேர்த்த பணம் அது. நான் நேரில் சென்று, படத்தைப் போட்டது எங்கள் தவறென்று சொன்னேன். தச்சரும் வந்து போலீஸ் புகாரின் நகலைக் காட்டினார். அவர் காத்திருக்க ஒப்பவில்லை. தவணையில் திருப்பித் தர மட்டும் ஒப்புக்கொண்டார். மற்ற இருவரிடமும் தச்சர் தாமே சென்று, நடந்ததை மறைக்காமல் சொல்லி, எந்த நாளில் எந்த வேலை முடியும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். அவர்கள் காத்திருந்தார்கள். முகம் தெரியாமல் இருப்பதும் தொலைபேசியை எடுக்காமல் இருப்பதும்தான் வாடிக்கையாளரைப் பயமுறுத்தும் என்பதை அப்போது கற்றுக்கொண்டேன்.

இந்நாட்களில் இன்னொன்றும் நடந்தது. யாரோ ஒருவர் பெட்டியில்லாத டிரில் ஒன்றைப் பாதி விலைக்கும் குறைவாகத் தருவதாகச் சொன்னார். ரசீது இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் 411ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். ஆனால் தச்சர் சட்டத்தைச் சொல்லவில்லை. "இது எவன் வயித்துப் பொழப்போ" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாராம். பையன் அதை வகுப்பில் என்னிடம் சொன்னபோது அவன் குரலில் இருந்த நிமிர்வை நான் மறக்கவில்லை. ஆம், அவன் பள்ளிக்குத் திரும்பியிருந்தான்.

அவன் திரும்பி வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை தமிழ்மொழிப் பாடத்தில் எல்லா மாணவர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். அவரவர் வீட்டில் பெற்றோர் தொழிலுக்குப் பயன்படுத்தும் கருவிகளைப் பட்டியலிட வேண்டும். தமிழ்ப்பெயர், வீட்டில் வழங்கும் பெயர், கருவியில் பொறித்துள்ள எண், அடையாளக் குறி என நான்கு கட்டங்கள். தையல் இயந்திரம், புல்வெட்டும் இயந்திரம், முடிவெட்டும் கத்தரி, ரொட்டிச்சானாய்க் கல் என்று ஞாயிற்றுக்கிழமை பட்டியல்கள் வந்து குவிந்தன. 'கெர்காஜி' என்றே அறிந்திருந்தவர்கள் 'ரம்பம்' என்று எழுதினார்கள். இழைப்புளி என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதை விளக்க அவனை அழைத்தேன். வெண்பலகையில் வரைந்து, அடியிலுள்ள இரும்பு அலகு எந்தச் சாய்வில் நிற்கும், மரத்தின் ரேகை போகும் திசையிலேயே ஏன் தள்ள வேண்டும் என்று சொன்னான். சென்ற வாரம் மளிகைப் பையோடு நின்ற அதே இடத்தில்தான் நின்றான்.

என் தாயார் ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவியவர். அவருடைய உளியை நாங்கள் தொடக்கூடாது. ஒவ்வொரு மாலையும் கல்லில் தீட்டி, அதன் கூர்மையைக் கட்டைவிரலில் பார்ப்பார். வேறொருவருடைய உளியைக் கொடுத்தால் அன்றைக்குப் பால் குறையும் என்பார். கருவி என்பது விலை கொடுத்தால் கிடைத்துவிடும் பொருள் என்றே எண்ணியிருந்த எனக்கு, அவ்வகுப்பில்தான் என் தாயாரின் உளி நினைவுக்கு வந்தது. தச்சருக்கும் அப்படி ஒன்று இருந்தது. களவு போனவற்றுள் ஓர் இழைப்புளி, தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்த அவருடைய தந்தை பயன்படுத்தியது. நாங்கள் எழுதிய பட்டியலில் அதற்கு எந்தப் பத்தியும் பொருந்தவில்லை.

அக்டோபர் 4ஆம் நாள் ஆயுத பூசை. பள்ளியில் மாணவர்கள் புத்தகங்களை அடுக்கி வைத்துச் சரஸ்வதியை வணங்கினோம். மாலையில் தச்சர் கொட்டகைக்கு அழைத்திருந்தார். புதிய பூட்டு தொங்கியது. ஒரு பலகையின்மேல் புதிய ரம்பமும் இரவல் கருவிகளும் திருநீறும் சந்தனமும் இட்டு வைக்கப்பட்டிருந்தன. உரிமையாளர் பெயர் எழுதிய தாள்கள் அப்படியே இருந்தன. இழைப்புளி தந்த முதியவரும் வந்திருந்தார். பொங்கலும் கடலையும் தந்தார்கள். இம்முறை நான் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வீட்டுக் கேபினெட்டுகளும் தீபாவளிக்கு முன்பே முடிந்தன. பள்ளி அடுக்குகள் நவம்பரில் வந்தன. அம்மையாரின் கடைசித் தவணை 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் செலுத்தப்பட்டது. இரவல் கருவிகளைத் தீட்டி, எண்ணெயிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். களவு போனவை எவையும் இன்றுவரை கிடைக்கவில்லை. தந்தையின் இழைப்புளியும்தான்.

பெற்றோர்களுக்குச் சில சொற்கள். அவர் 14 ஆண்டுகள் தொழில் செய்தும் அதைப் பதிவு செய்திருக்கவில்லை. தீபகற்ப மலேசியாவில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி, மலேசிய நிறுவன ஆணையத்தில் செலுத்தினால் போதும். 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே ஸ்பூமி என்னும் கடன் திட்டம் உள்ளது. அங்கும் முதலில் கேட்பது தொழிற்பதிவைத்தான். பதிவில்லாதவருக்கு ஆபத்து வேளையில் திறந்திருக்கும் கதவு ஆலோங்கின் கதவு மட்டுமே. பெர்க்கேசோவின் சுயதொழில் திட்டம் வேலையில் காயமடைந்தால் கைகொடுக்கும்; கருவி களவுபோனால் உதவாது. ஆகவே, இன்றிரவே உங்கள் கருவிகளைப் படம் எடுங்கள், எண்களை எழுதுங்கள், ரசீதுகளைக் கொட்டகையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவர்களுக்கு உங்கள் தொழில் தெரியட்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்றே ஒன்று. உறையைச் சுற்றுக்கு விடுமுன், மளிகைக் கடைக்குப் போகுமுன், முக்கியமாகக் கைப்பேசியை எடுக்குமுன், இடருற்றவரிடம் சென்று அமர்ந்து, "நாளைக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். பசித்தவர் சோறு கேட்பார், கொடுங்கள். தொழிலாளி கருவியும் வேலையும் கேட்பார். அவற்றைத் தேடிக் கொடுங்கள். எங்களுக்குக் கேட்கத் தெரியாமல் போனதால் ஒரு சிறுவன் வகுப்பறையில் தலைகுனிந்து நின்றான்.

புத்தக அடுக்குகள் வந்த அன்று, அவற்றுக்கான பில்லை அந்தச் சிறுவன்தான் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்தான். தொழிலைப் பதிவு செய்தபின் அவன் தந்தை எழுதிய முதல் பில் அது. 'எண் 001' என்று அழகாக எழுதியிருந்தது. "மீதி 900 வெள்ளி டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பணம் எண்ணி முடிக்கும்வரை அங்கேயே நின்று, சரிபார்த்து வாங்கிக்கொண்டு போனான்.